அழுகுணி உட்கார்ந்த இடம்

சின்னவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரையும் எட்டிப் பார்த்தாயிற்று. இருந்தாலும் அவள் சின்னவள்தான். அக்கா பெரியவள், இவள் சின்னவள் என்று அம்மா கூப்பிட்டுப் பழக்கிவிட்டுக் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அம்மா இருந்த இடத்தில் அக்கா நின்று இவளுக்குத் தலை வாரினாள், ஜுரம் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டாள், பரீட்சைக்கு முன்னால் திட்டி எழுப்பினாள். அக்காவுக்குக் கல்யாணமானபோது தங்கையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே அந்த வீட்டுக்குப் போனாள். "பொண்ணு கேட்டு வந்தேன், கூடவே ஒரு மேற்பார்வையும் அனுப்பி வெச்சாங்க" என்று அத்தான் அன்றைக்குச் சொன்ன கேலி இன்றுவரை அந்த வீட்டில் ஓடுகிறது.

மேற்பார்வை என்று அவர் சும்மா சொல்லவில்லை. கலந்து கிடக்கிற எதையும் பிரித்து வைக்காமல் சின்னவளால் உட்கார முடியாது. தையல் டப்பாவைத் திறந்தால் பொத்தான்களை நிறம் நிறமாக ஒதுக்குவாள். யாராவது வந்து மறுபடி ஒன்றாகக் கொட்டினால் சண்டைக்கு வருவாள். "இவளைக் கட்டிக்கப் போறவன் சட்டையில பொத்தான் இருக்குமா, எல்லாம் டப்பாவுலதான் இருக்குமா?" என்று அக்கா கேட்பாள். கட்டிக்கொண்டவர் பஸ் டிரைவர், அதிகம் பேசாத நல்ல மனிதர். அவர் சட்டையில் பொத்தான் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கீழே அக்கா குடும்பம், மாடியில் சின்னவள் குடும்பம், அடுப்பு மட்டும் ஒன்று.

அத்தான் பேப்பர் மில்லில் பம்ப் ரூமின் தலைமை ஃபிட்டர். சின்னவள் படித்து முடித்ததும் அதே மில்லின் பராமரிப்பு ஆபீசில் சேர்ந்தாள். பம்ப் ரூமில் எது கழன்றாலும், கசிந்தாலும், உடைந்தாலும் ஃபிட்டர்கள் ஒரு ஜாப் கார்டு எழுதி அனுப்புவார்கள். எண்ணெய்க் கைரேகையோடு வருகிற அந்தக் கார்டுகளைப் படித்து, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏற்றுவது அவள் வேலை. அதனால் மில்லில் அவளுக்குக் கட்டக்காரி என்று பெயர். எவனாவது ஒரு ஃபிட்டர் கையிலேயே சுத்தியலால் அடித்துக்கொண்டு, "என் கட்டம் சரியில்லடா இன்னிக்கி" என்றால், "கட்டக்காரிகிட்ட போய்ச் சொல்லு, மாத்திப் போட்டுத் தருவா" என்று பக்கத்திலிருப்பவன் சொல்வான். அவளும் சிரித்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் ஏற்றினாள். அத்தனையும் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை.

பம்ப் ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். காகிதம் என்றால் எல்லாரும் மரம் என்று நினைக்கிறார்கள். மரம் கொஞ்சம், தண்ணீர்தான் அதிகம். தொட்டியிலிருந்து அந்தத் தண்ணீரை மெஷினுக்குத் தள்ளுவது ஆறு பம்புகள். ஐந்து ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். நீளமான அறை, எப்போதும் ஈரமான தரை, பக்கத்தில் நிற்பவனிடம் பேசக் கத்த வேண்டிய இரைச்சல். ஒவ்வொரு பம்பும் தரையோடு பதித்த இரும்புப் படுக்கையின் மேல் உட்கார்ந்திருக்கும். சுவரில் நம்பர் எழுதித்தான் இருந்தது. ஆனால் நம்பர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ராணி, ஊமை, கிழவி, அழுகுணி, சின்னப்பொண்ணு, பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாப் கார்டிலும் அந்தப் பெயர்தான் வரும்.

ராணி அலுங்காமல் ஓடுவாள். நான்காவதாக இருக்கிற அழுகுணிக்குத்தான் ஓயாத கண்ணீர். சுழலுகிற தண்டுக்கும் சுற்றியிருக்கிற கூட்டுக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் காக்க சீல் என்று ஒரு வளையம் உண்டு. குக்கர் மூடிக்கு ரப்பர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகுணிக்கு அது தங்கவே தங்காது. சீல் போகும், அதன் பின்னாலேயே தண்டைத் தாங்குகிற பேரிங் போகும், உடனே கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அத்தானுக்கு அது கௌரவப் பிரச்சினை. "அவ என் கைக்குத்தான் அடங்குவா" என்று வேறு யாரையும் தொட விடமாட்டார். சீவிச் சிங்காரித்துப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரி அவளை மாட்டுவார். அவளும் சில வாரம் சமர்த்தாக இருந்துவிட்டு மறுபடி அழுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் புது மேனேஜர் வந்தார். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். தண்ணீர் கசிகிறது சார் என்றால் ஏன் என்பார். சீல் போயிற்று என்றால் அது ஏன் என்பார். மூன்றாவது ஏனுக்குள் பதில் சொல்கிறவனுக்கு வேர்த்துவிடும். ஒரு வாரத்தில் அவருக்கு ஏன் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

ஏன் சார் நேராகச் சின்னவளின் மேஜைக்கு வந்தார். "எந்த பம்பு அதிகமா படுக்குது, யார் மாட்டினது சீக்கிரமா படுக்குது, ரெண்டையும் எடுத்துத் தர முடியுமா?"

சின்னவளுக்குக் காலம் காலமாகச் சமைத்து வைத்த வீட்டில் முதல் தடவையாக ஒருவர் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது. ராப்பகலாக அதே நினைப்பு. போட்டாள், கூட்டினாள், வரைந்தாள். ஃபிட்டர்களின் பெயர் கம்ப்யூட்டரில் இல்லை, டோக்கன் நம்பர்தான் இருந்தது. பம்ப் ரூம் ஆட்களையும் வைத்து ஏன் சார் கூட்டின மீட்டிங் தொடங்குகிற நேரத்துக்கு அச்சடித்த சூட்டோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லார் முன்னாலும் சுவரில் ஒட்டிவிட்டுப் பெருமையாக நின்றாள்.

ஐந்து பம்புகளுக்குக் குட்டைக் குட்டையாக ஐந்து கம்பங்கள். அழுகுணிக்கு மட்டும் பனைமரம் போல ஒன்று. அந்தப் பனைமரத்தில் ஒரு துணுக்கைத் தவிர முழுக்க ஒரே டோக்கன் நம்பர்.

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் தன் சட்டையில் குத்தியிருந்த டோக்கனைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது.

"இந்த பம்பைப் புதுசா வாங்கிக்கூட மாட்டியிருக்கீங்க. அதுவும் போயிருக்கு" என்றார் ஏன் சார். "பம்பு மாறியிருக்கு, சீல் மாறியிருக்கு, பேரிங் மாறியிருக்கு. மாறாதது ஒண்ணுதான்." அவர் குரலில் கோபம் இல்லை. மாசக் கடைசிவரை பார்ப்பது, அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் பம்ப் ரூமைக் காண்ட்ராக்ட் ஆட்களிடம் விடுவது, தலைமை ஃபிட்டரைப் பழைய இரும்பு போட்டு வைத்திருக்கிற ஸ்கிராப் யார்டுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

செய்தி சின்னவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"ஏன்டி, ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அக்கா, அது வெறும் டோக்கன் நம்பர்க்கா. யாருன்னு நான் பார்க்கல."

"யாருன்னு பார்க்காமதான் கட்டம் போடுவியா?"

கூடத்திலிருந்து அத்தான், "விடு, அவ என்ன பொய்யா சொன்னா? கார்டுல இருக்கிறதத்தான் சொன்னா. அத்தனையும் நான் எழுதினது" என்றார். பிறகு சிரிக்கப் பார்த்தார். "யார்டுலயும் இரும்புதான் இருக்கு. என்ன, எதுவும் ஓடாது. நிம்மதி."

திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சிரிப்பைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. மாடிக்குப் போய் உட்கார்ந்து யோசித்தாள். கட்டம் பொய் சொல்லாது. அத்தான் கையும் பொய் சொல்லாது. அவர் மாட்டின பம்பைத் மட்டப்பலகை வைத்துப் பார்த்தாலும் மயிரிழை பிசகாது, அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். இரண்டும் உண்மை என்றால் நடுவில் எதுவோ கலந்து கிடக்கிறது. கலந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் இவள் விடுவாளா?

மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் நேராகப் பம்ப் ரூமுக்கு நடந்தாள். அழுகுணி மறுபடி போய், கழற்றி, வேறு மாட்டியிருந்தார்கள். நெட்டை என்று கூப்பிடப்படுகிற ஃபிட்டர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நெட்டை, அழுகுணியை நான் பார்க்கணும்."

"இதோ உக்காந்திருக்காளே."

"இது இப்ப மாட்டினது. நேத்து கழட்டினீங்களே, அவ எங்க?"

"அது பட்டறையில கிடக்கு."

"அப்ப அழுகுணி பட்டறையில இருக்கா."

"இல்லக்கா, அழுகுணி இங்க இருக்கா." சின்னக் குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி சுவரைக் காட்டினான். "நாலாவது. அழுகுணி."

"சரி. இப்ப இங்க உக்காந்திருக்கே, இது நேத்து வரைக்கும் யாரு?"

"ஸ்பேர்."

"ஸ்பேர் ஆகுறதுக்கு முன்னாடி?"

நெட்டை தலையைச் சொறிந்தான். "அதுக்கு முன்னாடி... இரு... ராணி. ராணியாத்தான் இருந்துச்சு. வருஷாந்திர சர்வீசுக்குக் கழட்டினோம்."

"ராணியா?" சின்னவள் கத்தின கத்தலில் பம்பு இரைச்சலையும் தாண்டி இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு பொட்டுத் தண்ணி விடாம ஓடினாளே, அந்த ராணியா இது?"

"ஆமா. இப்ப அழுகுணி ஆயிட்டா."

அவன் சாதாரணமாகச் சொன்னான். அந்த அறையில் எல்லாருக்கும் அது சாதாரணம். ஆறு இடத்துக்கு ஏழு பம்பு. ஒன்று கழன்றால் இன்னொன்று வந்து உட்காரும். உட்கார்ந்த உடனே அந்த இடத்தின் பெயர் அதற்கு வந்துவிடும். புகுந்த வீட்டுப் பெயர் ஒட்டிக்கொள்கிற மாதிரி. பம்பு வரும், போகும், பெயர் மட்டும் சுவரோடு இருக்கும். அழுகுணி, அழுகுணி என்று இத்தனை வருஷம் இவர்கள் திட்டினது ஒரு பம்பையே இல்லை. சின்னவள் கம்ப்யூட்டரில் ஏற்றினதும் ஒரு பம்பின் கதையில்லை. ஏழு பம்புகளின் கதை, ஒரே பெயரில் கொட்டிக் கிடக்கிறது.

பொத்தான் டப்பா கலைந்து கிடந்தால் எப்படி இருக்கும் அவளுக்கு? கை பரபரத்தது.

எந்தப் பம்பு எப்போது எங்கே உட்கார்ந்தது என்று தெரிய வேண்டும். பம்ப் ரூம் கார்டில் அது கிடையாது. தெரிந்திருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் பம்புகளைச் சரிபண்ணுகிற லேத்துக்காரர். அங்கேதான் சிக்கல். அவருக்கும் அத்தானுக்கும் பேச்சு கிடையாது. எப்போதோ ஒரு தண்டைக் கடைந்து கொடுத்தபோது, "இது வளைஞ்சிருக்கு" என்று அத்தான் சொல்ல, "உன் கண்ணுதான் வளைஞ்சிருக்கு" என்று அவர் சொல்ல, அத்தோடு முடிந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றாலும் நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, "அவர்கிட்ட சொல்லு" என்றுதான் பேசுவார்கள். அதனால் பட்டறைக் கார்டு பட்டறையில் தங்கியது, பம்ப் ரூம் கார்டு ஆபீசுக்கு வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சின்னவள் போய்க் கேட்டதும் லேத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அடேயப்பா, இந்தப் பக்கம் வந்து கேக்கறதுக்கு ஒரு ஆள் பிறந்துட்டாளா? வா. அவங்க பேரு வெச்சு விளையாடுவாங்க. என்கிட்ட வர்றது உடம்பு. ஏழு உடம்பு. அ-விலேருந்து எ வரைக்கும் கழுத்துல எழுத்து குத்தி வெச்சிருக்கேன். அங்க பெயிண்ட் அடிச்சே மறைச்சுட்டாங்க. தடவிப் பாரு, கையில தட்டும்."

பம்ப் ரூமுக்கு வந்து, ராணி இடத்தில் ஓய்ந்து நின்ற பம்பின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் விரலில் ஒரு இ தட்டியது. அவளுக்கு மெய் சிலிர்த்தது.

பட்டறைக்கும் பம்ப் ரூமுக்கும் நடுச்சுவரில் சாமான் கொடுத்து வாங்குகிற ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அத்தான், அந்தப் பக்கம் லேத்துக்காரர். எந்த உடம்பு எந்தத் தேதியில் பட்டறைக்கு வந்தது என்று அவர் சொல்வார். அந்தத் தேதியில் எந்த இடத்தில் கழற்றினோம் என்று இவர் சொல்வார்.

"உ வந்திருக்கு, மழைக்கு முன்னாடி. எங்கேருந்து கழட்டினாருன்னு அவர்கிட்ட கேளு."

"கிழவிகிட்டேருந்துன்னு அவர்கிட்ட சொல்லு."

"கிழவியா? பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு. எதுக்குக் கழட்டினாராம்?"

"சர்வீஸ்னு சொல்லு. முழுக் காலம் ஓடிட்டுத்தான் வந்துச்சுன்னு சொல்லு."

"ஈ-யை எங்க மாட்டினாருன்னு கேளு. போன வேகத்துல திரும்பி வந்துச்சு."

"அழுகுணின்னு சொல்லு."

"அதுக்கு முன்னாடி அதே ஈ பூதத்துகிட்ட வருஷக்கணக்கா ஓடியிருக்கே! கேளு அவர்கிட்ட!"

"பூதத்துகிட்டயும் நான்தாண்டா மாட்டினேன்!" என்று அத்தான் ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் கத்தினார்.

"நீ மாட்டினதாத்தான் இருக்கணும், அவ்வளவு சுத்தமா இருந்துச்சு!" என்று அவரும் கத்தினார்.

பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது, நடுவில் ஆள் இல்லாமல் பேசிவிட்டோம் என்று. அத்தான் தலையை வெளியே எடுக்கப் பார்த்தார். ஜன்னல் சட்டம் இடித்தது. "மெதுவா, மெதுவா" என்றார் லேத்துக்காரர். சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்தது ஊ" என்றாள்.

ஏழு உடம்புக்கு ஏழு நிறம். ஆறு இடத்துக்கு ஆறு வரிசை. எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது திரையில் தெரிந்ததைச் சின்னவள் எழுந்து நின்று பார்த்தாள். ஐந்து வரிசைகளில் நிறங்கள் புடவை உலர்த்தினது போல நீள நீளமாக ஓடின. நாலாவது வரிசையில் மட்டும் தையற்காரர் தரையில் கிடக்கிற வெட்டுத்துணி மாதிரி ஏழு நிறமும் துண்டு துண்டாகக் கிடந்தன. எந்த உடம்பு வந்தாலும் அங்கே ஆயுசு குறைந்தது. அங்கேயிருந்து தப்பித்து வேறு இடத்துக்குப் போன உடம்பு பிழைத்துக்கொண்டது. அத்தான் முட்டிவலியில் படுத்திருந்தபோது நெட்டை ஒரு தடவை அங்கே மாட்டியிருந்தான். அந்தத் துண்டும் அதே அளவு குட்டை.

அத்தான் திரைக்குக் கிட்டப் போய், கண்ணாடி போடாமலே அந்த நாலாவது வரிசையை விரலால் தடவினார்.

ஏன் சார் நெடுநேரம் பார்த்தார். "இது உங்க அத்தானைக் காப்பாத்துற கட்டமா?" என்றார்.

"அவரை மாட்டிவிட்ட கட்டமும் என்னுதுதான் சார். அதை நம்பினீங்க. இதையும் நம்பணும்."

"அந்த இடத்துல ஏன் இப்படி ஆகுது?"

"ஏன்னு தெரியாது சார். எங்கன்னு தெரியும்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல மேனேஜர் விட்டுக்கொடுக்கவும் கூடாது. "சரி, சோதிச்சுப் பார்ப்போம். இருக்கிறதிலேயே நல்ல உடம்பு எது?"

"இ சார்."

"அதை நாலாவது இடத்துல நெட்டை மாட்டட்டும். உங்க அத்தான் பக்கத்துலகூட வரக் கூடாது. இப்ப பட்டறையில படுத்திருக்கிறதைச் சரிபண்ணி, ராணி இடத்துல உங்க அத்தான் மாட்டட்டும். நீங்க சொல்றது சரின்னா நல்லது கெடும், கெட்டது பிழைக்கும். இல்லன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நல்லா இருக்கிற பம்பு கெட்டுப்போகணும்னு இந்த வீட்டுல வேண்டிக்கணுமா இப்ப?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தங்கைக்குத் தட்டெடுத்து வைத்தாள். பல நாளைக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் பம்ப் ரூமைப் பார்க்க வேண்டுமே! டீ குடிக்கப் போகிறவன் நாலாவது இடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவான். ஒரு கட்சி "தாங்குவா" என்றது, ஒரு கட்சி "தாங்கமாட்டா" என்றது. அத்தான் மட்டும் ராணி இடத்தை விட்டு நகரவில்லை. தான் மாட்டின பட்டறை உடம்பு முனகாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காண்ட்ராக்ட் ஆட்கள் ஒரு நாள் வந்து அறையை அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாசக் கடைசி நெருங்கியது. நாலாவது இடத்தில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லை. சின்னவள் மணிக்கொரு தடவை போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு நெட்டை ஓடி வந்தான். "அக்கா! அழுவுறா! அழுவுறா!"

ஓடினார்கள். நல்ல பம்பு இ, குறையே இல்லாத இ, நாலாவது இடத்தில் உட்கார்ந்து தாரையாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பேரிங் கரகரவென்று அரைத்தது. யாரோ ஒருவர் கை தட்டினார். அடுத்த நொடி பம்ப் ரூம் முழுக்கக் கைதட்டல். லேத்துக்காரர் பட்டறையிலிருந்து வந்து விசிலடித்தார். ஒரு பம்பு கெட்டுப்போனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட மில் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. ராணி இடத்தில் அத்தான் மாட்டினது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் சார் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு ஈரத்தில் குந்தினார். "கழட்டுங்க. பம்பு மேல இருக்கிறது. கீழ என்ன இருக்கு?"

"இரும்புப் படுக்கை சார். அதுக்குக் கீழ கான்கிரீட்."

"பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. தரைக்குள் பதித்ததை யார் பார்ப்பார்கள்? அத்தான் சின்னச் சுத்தியலை எடுத்து ராணியின் படுக்கையைத் தட்டினார். திண் திண் என்று கல் மாதிரி பதில் வந்தது. ஊமை, கிழவி, எல்லாம் திண் திண். நாலாவது படுக்கையைத் தட்டினார். டொப் என்றது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார். டொப், டொப். காலி டப்பா.

"உள்ள பொக்கை" என்றார். "படுக்கையே அந்தரத்துல நிக்குது."

லேத்துக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இந்த மூலையிலதானே முன்ன எண்ணெய் டிரம் உருட்டி வெச்சிருந்தாங்க! தரை எண்ணெய் குடிச்சுக் கிடந்துச்சு. அது மேல கலவை போட்டா எங்க ஒட்டும்?"

இப்போது ஏன் சாரின் எல்லா ஏனுக்கும் விடை வந்துவிட்டது. பம்பு நிற்கும்போது படுக்கை நேராக இருக்கும், அத்தான் அளந்து மாட்டுவார், மயிரிழை பிசகாது. ஓடத் தொடங்கினதும் பொக்கைப் படுக்கை ஆடும், தண்டு கோணும், சீல் தேயும், பேரிங் அரையும். நிறுத்திவிட்டு அளந்தால் மறுபடி நேர். அழுகுணி என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்வாள் என்று அந்த ஆட்டத்தையும் அவளுடைய குணமாக எண்ணி விட்டுவிட்டார்கள். கால் ஆடுகிற கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, வருகிற குழந்தை எல்லாம் ஏன் அழுகிறது என்று கேட்ட கதைதான்.

"ஓட விட்டு யாரும் அளக்கல" என்றார் ஏன் சார். "நானும்தான் கேக்கல." அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

படுக்கையில் துளைகள் போட்டு, கல்லாக இறுகுகிற கலவையை உள்ளே செலுத்தினார்கள். போகப் போக அது குடித்துக்கொண்டே இருந்தது. "இவ்வளவு பசியோடயா இருந்தே?" என்று நெட்டை தரையைப் பார்த்துக் கேட்டான். இறுகின பிறகு அத்தான் தட்டினார். திண். மறுபடி தட்டினார். திண் திண். சுத்தியலைச் சின்னவள் கையில் கொடுத்து, "நீ தட்டு" என்றார். அவளும் ஆசை தீரத் தட்டினாள்.

அந்த வருஷம் பாடப்புத்தகக் காகிதத்துக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. மெஷின் மூச்சு விடாமல் ஓடியது. மற்ற வருஷமென்றால் நடுவில் எத்தனை தடவை நின்றிருக்கும்! இந்தத் தடவை நாலாவது இடத்தில் எ உட்கார்ந்திருந்தது. புதிதாக வாங்கி வந்த அன்றே கெட்ட பெயர் வாங்கின அதே எ. ஆர்டர் முடிந்து கடைசி லாரி கிளம்புகிற வரைக்கும் ஒரு சொட்டு விடவில்லை. சொட்டுகிறதா என்று பார்க்கக் கீழே விரித்திருந்த காகிதத்தை எடுத்து ஏன் சார் முகத்தருகே வைத்துப் பார்த்தார். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

பம்ப் ரூமிலேயே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "காண்ட்ராக்ட் ஆளுங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். தலைமை ஃபிட்டர் இங்கதான் இருப்பார்."

"ஏன் சார்?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து நெட்டை கேட்டான். மேனேஜர் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அத்தான் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். "சார், ஒரு விஷயம். எங்க கார்டுல இனிமே இடத்தோட பேரு ஒரு பக்கம், உடம்போட எழுத்து ஒரு பக்கம், ரெண்டும் எழுதுவோம். பெயிண்ட் அடிக்கிறவன் கழுத்து எழுத்தை மறைச்சா அவனுக்கு என்கிட்ட இருக்கு." லேத்துக்காரர் பலமாகத் தலையாட்டினார்.

அக்கா அன்றைக்குக் கூடத்தில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது மாடிவரை கேட்டது. "எந்தப் பம்பு எங்க உக்காந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எங்க சின்னவதான் பிரிச்சு வெச்சா. நான் வளர்த்த பொண்ணு." சின்னவளின் கணவர் காதில் வாங்கிக்கொண்டு, "பாதிப் பெருமை உங்கக்காவுக்குப் போயிடுச்சு" என்றார். "போகட்டும், அவளுதுதான்" என்றாள் சின்னவள்.

அடுத்த வாரம் பாய்லர் பக்கத்துப் பம்புகளின் கணக்கைப் பிரிக்கிற வேலையையும் அவளிடமே ஒப்படைத்தார்கள். அங்கே இரண்டு மடங்கு பம்பு, இரண்டு மடங்கு தொல்லை. யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்று ஏன் சார் கேட்டதுதான் தாமதம், "நான் இல்லாம எப்படி?" என்றார் அத்தான். "நீ போய் என்ன பண்ணுவே, உடம்பு என் கைக்குத்தானே வரணும்?" என்றார் லேத்துக்காரர். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று, நடுவில் ஆளில்லாமல், தாராளமாகச் சண்டை போட்டார்கள். சின்னவள் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். சண்டை போட்டபடியே இருவரும் அவள் பின்னால் வந்தார்கள்.